ஜெருசலேம் போகாத கிழங்கு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் மளிகைக் கடையில் 'குவாச்சி' என்று கேட்டால் பெரும்பாலும் சூரியகாந்தி விதைப் பொட்டலம்தான் வரும். குவாச்சி ஹொக்கியன் சீனரிடமிருந்து மலாய்க்கு வந்த சொல். அதன் நேர்ப்பொருள் பூசணி, தர்ப்பூசணி போன்ற கொடிக்காய்களின் விதை. சூரியகாந்திப் பூவுக்கோ மலாயில் 'புங்கா மத்தாஹாரி' என்று பெயர். மத்தா என்றால் கண், ஹாரி என்றால் நாள்; நாளின் கண்தான் சூரியன்.

நம் 'சூரியகாந்தி'யும் இந்தப் பூவோடு பிறந்த சொல் அல்ல. அது சேர்ந்த ஹீலியாந்தஸ் பேரினத்தின் தாயகம் வட அமெரிக்கா. கொலம்பஸுக்கு முன் அது இங்கே இருக்க வழியில்லை. ஆனால் வெயில் பட்டால் தீ உமிழும் என்று நம்பப்பட்ட 'சூரியகாந்தம்' என்ற கல் பழைய நூல்களில் உண்டு. கல்லின் பெயரைப் பூ வாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு முன், கதிரவனை எதிர்கொள்ளும் பூ என்று புறநானூறு காட்டுவது காலில் குத்தும் நெருஞ்சியை.

இவற்றையெல்லாம் மிஞ்சும் பெயர்க் குழப்பம் சூரியகாந்தியின் உறவான பல்லாண்டுச் செடி ஒன்றுக்கு நேர்ந்தது. ஆங்கிலத்தில் அது 'ஜெருசலேம் ஆர்ட்டிசோக்'. ஜெருசலேமுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆர்ட்டிசோக்கும் அல்ல. மண்ணுக்கடியில் இஞ்சிபோல் முண்டும் முடிச்சுமாக விளையும் கிழங்கு அது. சீனர் அதை 'அந்நிய இஞ்சி' என்றே அழைத்தார்கள். எனக்குப் பிடித்த பெயர் அதுதான், கண்ணால் பார்த்து வைத்த பெயர்.

1605இல் வட அமெரிக்காவின் கேப் காட் கரையில் பழங்குடியினர் பயிரிட்ட இக்கிழங்கைத் தின்ற பிரெஞ்சு நாடாய்வாளர் சாம்ப்ளேன், சுவை ஆர்ட்டிசோக் போலிருப்பதாக எழுதினார். பெயரின் ஒரு பாதி அப்படி ஒட்டிக்கொண்டது. இத்தாலியில் சூரியகாந்திக்கு 'ஜிராசோலே', அதாவது சூரியனோடு திரும்புவது, என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது ஜெருசலேம் ஆயிற்று என்பது பலரும் சொல்லும் விளக்கம். டச்சு ஊரான டெர்நூசனின் பெயர் திரிந்தது என்போரும் உண்டு. பிறகு இக்கிழங்கில் வைத்த சூப்புக்கு 'பாலஸ்தீன சூப்' என்று பெயரிட்டார்கள். பிழைக்கும் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது!

பிரெஞ்சுக்காரர் கதை இன்னும் வேடிக்கை. 1613இல் பிரேசிலின் துப்பினம்பா மக்கள் சிலரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். அப்போது அங்கே புதிதாக இருந்த கிழங்குக்கு அவர்கள் பெயரே ஒட்டி 'தொப்பினம்பூர்' ஆனது. கிழங்கு அவர்கள் நாட்டதே அல்ல.

செடியின் பிறப்பும் கலப்புதான். இரண்டு காட்டுச் சூரியகாந்தி இனங்கள் இணைந்து, குரோமோசோம்கள் பெருகி, 102 கொண்ட தனி இனமாக நின்றது என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பெற்றோர் மயிரடர்ந்த ஹிர்சூட்டஸ், இலை விளிம்பு ரம்பம்போன்ற குரோசெசெராட்டஸ். கிழங்கில் மாவுச்சத்துக்குப் பதில் இனுலின் நிறைந்திருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைப்பதால் வயிற்றில் வாயு. அனுபவித்த ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள்.

ஆர்ட்டிசோக்கைத் தமிழில் 'கூனைப்பூ' என்று எழுதுவோர் உண்டு. அவ்வழியே போய் 'ஜெருசலேம் கூனைப்பூ' என்றால் இரண்டு பிழைகளையும் சேர்த்து மொழிபெயர்த்தவர்களாவோம். 'சூரியகாந்திக் கிழங்கு' போதும். பாயான் லெப்பாஸ் தோட்டத்தில் நட்டுப் பார்க்க ஆசைப்படுவோருக்கு ஒன்று: பகல் குறுகக் குறுகக் கிழங்கு பருக்கும் பயிர் இது. பினாங்கிலோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம்.