யுனிக்ஸ் கட்டளைகள்: அகமும் புறமும்

கணினிக்குக் கட்டளையிடும் மாணவன், தான் இடும் ஒவ்வொரு சொல்லும் தனி நிரலொன்றின் பெயரே என எண்ணுவது இயல்பு. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் அவ்வெண்ணம் பாதியே உண்மையாகும். பயனாளரின் கட்டளையை ஏற்று நடத்துவிக்கும் நிரல் 'ஷெல்' எனப்படும். (யாழ்ப்பாணத்தார் செவியில் இச்சொல் வேறு நினைவை எழுப்பும், இங்கு 'ஓடு' என்பதே பொருள்.) அது சில கட்டளைகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது, ஏனையவை வட்டில் தனிக் கோப்புகளாக உள்ளன.

இப்பிரிவு வகுத்துச் செய்யப்பட்டதன்று. ஒரு தவறினால் நேர்ந்தது. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் பீடிபி-7 பொறியில் யுனிக்ஸை அமைத்தபோது, ஒரு முனையத்துக்கு ஒரு செயல்முறையே இருந்தது. கோப்புறை மாற்றும் கட்டளையும் அன்று சாதாரண நிரலே. பின்னர் 'போர்க்' என்னும் அழைப்பு 27 வரிகளில் எழுதிச் சேர்க்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்ற ஷெல் ஒரு சேய்ச் செயல்முறையைத் தோற்றுவித்தது. உடனே கோப்புறை மாற்றம் பயனற்றுப் போயிற்று. நிரலைப் பலமுறை ஆராய்ந்த பின்னரே காரணம் புலப்பட்டதென டெனிஸ் றிச்சி பிற்காலத்தில் எழுதியுள்ளார். சேய் தன் கோப்புறையை முறைப்படி மாற்றிக்கொண்டு மறைந்தது. தாய் இருந்தவிடத்திலேயே இருந்தது. மகனை நல்லூருக்கு அனுப்பிவிட்டுத் திருநெல்வேலியில் இருக்கும் தந்தை, தாமும் நல்லூர் சேர்ந்ததாகக் கொள்ளலாமோ? ஆகவே அக்கட்டளை ஷெல்லினுள் குடியேற்றப்பட்டது. யாழ்ப்பாண வளாகம் தோன்றிய 1974 இல் அவ்விருவரும் யுனிக்ஸ் பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது இவ்வேற்பாடு நிலைபெற்றுவிட்டிருந்தது.

மயக்கத்துக்கு இடமளிப்பவை இத்தகைய கட்டாயம் இன்றி உட்புகுந்த கட்டளைகளே. சொற்களைத் திரையிலிடும் 'எக்கோ' 1979 இன் ஏழாம் பதிப்பிலும் புறத்தேதான் இருந்தது. விரைவு கருதிப் பிற்கால ஷெல்கள் அதனை உள்ளே சேர்த்தன. புறத்திலிருந்த கோப்போ நீக்கப்படவில்லை. ஒரே பெயரில் இருவர் ஆயினர். அவர்தம் வழக்கங்களும் வேறுபட்டன: அடுத்த வரிக்குச் செல்லாது நிறுத்துவதற்கு பேர்க்கிளி மரபு சிறுகோட்டுடன் 'என்' எழுத்தைக் கொண்டது, சிஸ்டம் ஐந்து மரபு பின்சாய்கோட்டுடன் 'சீ' எழுத்தைக் கொண்டது. 1992 இன் பொசிக்ஸ் நியமமும் இப்பிணக்கைத் தீர்க்கவில்லை. கைந்நூலிற் புறக்கட்டளையைப் படித்துவிட்டு அகக்கட்டளையை இயக்குபவன், திரையில் அவ்வெழுத்தே தோன்றக் கண்டு திகைக்கின்றான். 'ரைப்' என்னும் கட்டளையைக் கேட்டிருப்பானாயின், பேசுவது யாரென அது கூறியிருக்கும்.

அந்நியமத்தில் விந்தையொன்றும் இருந்தது. கோப்புறை மாற்றும் கட்டளை புறத்தேயும் இயங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்றது அது. அதனால் சில முறைமைகளில் 'சீடி' என்னும் பெயரில் ஒரு கோப்பு இன்றும் உள்ளது. அழைத்தால் அது தன் கோப்புறையை மாற்றிக்கொண்டு மறைந்துவிடும். அழைத்த ஷெல் அசைவதில்லை.