எயிற்பட்டினத்தில் ஒரு மதியச் சாப்பாடு

மூணு நாள் லீவு சேர்ந்தாப்போல கிடைத்தது. சின்னசேலத்தில் பஸ் ஏறி உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாக மரக்காணம் போனேன். "பாண்டிய விட்டுட்டு அங்க என்னய்யா இருக்கு?" என்று கேட்காத ஆளில்லை. உப்பளம் இருக்கு, மீன் இருக்கு. பையில் சிறுபாணாற்றுப்படையும் இருந்தது.

அதைச் சாப்பாட்டு வழிகாட்டியாகப் படிக்கலாம் என்பது என் கட்சி. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடி. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், பஞ்சத்தில் கிடக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியோடு சேர்த்து, எந்த ஊரில் யார் என்ன போடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறான்.

முதலில் எயிற்பட்டினம். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரம், ஒட்டகம் படுத்துத் தூங்குகிற மாதிரி கரையில் கிடக்கும். அதுதான் அங்கே விறகு. அதில் நுளைமகள் காய்ச்சிய கள்ளைப் பரதவர் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு வீட்டுக்கு வீடு கிடைக்கும். அடுத்து வேலூர் (கோட்டை இருக்கிற வேலூர் இல்லை). அங்கே எயினர் வீட்டில் புளிக்கறி போட்ட சுடுசோறு, கூடவே சுட்ட ஆமான் இறைச்சி. ஆமூரில் உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டும். நண்டோடு பீர்க்கங்காய் சேர்ந்தது என்று நச்சினார்க்கினியர் உரை எழுதுகிறார். மனுசன் சாப்பாட்டில் கெட்டி போல! கடைசியாக மன்னனின் கிடங்கில். இன்றைக்கு அது திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, பாட்டு போகிற வழிக்கு எதிர்த்திசையில் போயிருக்கிறேன்.

ஆனால் இந்த விருந்துகளுக்கு முன்னால் வரும் காட்சியில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். பாணன் வீட்டு அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. பசியில் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்னும்போது, யார் கண்ணிலும் படக்கூடாது என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துவிடும். அம்மா சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில், மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் போவார்களாம். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, துணியில் முடிந்த துவையல். கடலில் குளித்துவிட்டு, ஏதாவது மரத்தடியில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிக்கனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்கு ஆயா சொன்னது: "கடையில போய் குந்துனா எந்த ஊரு, யாரு வூட்டு ஆளுன்னு கேப்பான். எதுக்குக் கேக்குறான்னு நமக்குத் தெரியாதா?"

அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. தென்னிந்திய ரயில் நிலையங்களிலேயே பிராமணர்களுக்கு ஒரு சாப்பாட்டு அறை, மற்றவர்களுக்கு ஒன்று என்று இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியும் எதிர்த்துப் போராடி, 1941இல்தான் அது போனது. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடை, உணவு விடுதி என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. சோறு விற்கிற இடத்தைப் பற்றி ஒரு நாட்டின் அரசியலமைப்பு எழுத வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்ளே விடாமல் தடுத்தால் குற்றம் என்று 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். சட்டம் வந்த பிறகும் டீக்கடையில் இரட்டைக் குவளை ரொம்பக் காலம் ஓடியது வேறு கதை.

பாட்டில் வரும் ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாத பாணனுக்கும் சோறு போடுகிறார்கள். மன்னனைப் புகழ்கிற பாட்டு, கொஞ்சம் கூடச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் வழிப்போக்கனுக்குச் சாப்பாடு போடுவது நாட்டுக்கே பெருமை என்று நினைத்த புலவன் அவன்.

மரக்காணத்தில் நான் நுழைந்தது நாலு பெஞ்ச் போட்ட சின்னக் கடை. மீன் குழம்பு, நண்டு மசாலா, நெத்திலி வறுவல் என்று அந்த அம்மா அடுக்கிக்கொண்டே போனார். "சுட்ட கருவாடு கிடைக்குமா?" என்றேன். சிரித்துவிட்டார். "பச்ச மீனு கெடக்கு, கருவாடு கேக்குறீங்களே. அது நாங்க வூட்ல திங்கறது." எங்களுக்குக் கடல் என்பதே கருவாடும் உப்பும்தான், சந்தைக்கு வந்துவிடும் என்றேன்.

"நீங்க எந்த ஊரு?"

ஒரு நொடி ஆயாவின் குரல் காதில் கேட்டது. "சின்னசேலம்."

"அது எந்தப் பக்கம்?"

கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கல்வராயன் மலைக்குக் கீழே என்றேன். 1993இலிருந்து 2019 வரைக்கும் நீங்களும் நாங்களும் ஒரே விழுப்புரம் மாவட்டம்தான் என்றும் சொன்னேன். "அப்புடியா? மலையெல்லாம் இருந்துச்சா நம்ம மாவட்டத்துல!" என்று உள்ளே போனவர், அடுப்பில் வாட்டிய நாலு கருவாட்டுத் துண்டைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். யாரு வூட்டு ஆள் என்று கேட்கவில்லை. நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.