கெய்ரோவிலிருந்து கிளம்பிய பால்கனி

பெரு நாட்டின் தலைநகரான லிமாவின் பழைய நகரைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அதன் பால்கனிகள் நினைவிருக்கும். மாடிச் சுவரிலிருந்து தெருப்பக்கம் துருத்தி நிற்கும் மூடிய மரப்பெட்டிகள். ஸ்பானியர் கட்டிய ஊர் என்பதால் இவற்றையும் ஸ்பானியப் பாணி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இவற்றின் பூர்வீகம் அரபு நாடுகளில் இருக்கிறது.

கெய்ரோ போன்ற ஊர்களில் காற்று வர வேண்டும், வெயில் வரக் கூடாது. வீட்டுப் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெரு அவர்களைப் பார்க்கக் கூடாது. பெரிய மரங்களுக்கோ பஞ்சம். ஆகவே கடைசல் பிடித்த சின்னஞ்சிறு துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகிப் பின்னல் சாளரங்கள் செய்தார்கள். 711இல் முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் நுழைந்தன. இந்தத் தச்சுக்கலையும் பின்னாலேயே போய் அங்கே வேரூன்றியது.

1492இல், ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சியின் கடைசி இடமான கிரனாடா கத்தோலிக்க மன்னர்கள் வசமானது. இந்தப் பின்னல் வைத்த பால்கனிகள் குறுகிய தெருக்களை இருட்டாக்குகின்றன என்று புதிய ஆட்சியாளர்கள் பலவற்றை இடிக்கச் சொன்னார்கள். பால்கனி போனாலும் தச்சரின் கைப்பழக்கம் போகவில்லை. 1633இல் கூட டியேகோ லோபெஸ் தெ அரேனாஸ் என்ற, ஸ்பெயினின் செவில் நகரத் தச்சர் அந்த மரபின் கணக்குகளை நூலாக அச்சிட்டார்.

அதற்குள் அந்தக் கைகள் கடல் கடந்திருந்தன. 1535இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ நிறுவிய லிமாவில் பால்கனி செழித்தது. பாலைவனக் கரையோர ஊர். ஆகவே உத்திரத்துக்கான மரம் குவாயாகில், மத்திய அமெரிக்கா என்று தொலைவிலிருந்து கப்பலில் வந்தது. முகத்தை மூடி ஒற்றைக் கண்ணை மட்டும் காட்டி நடமாடிய லிமா பெண்களுக்கு இந்தப் பின்னல் மறைப்பு பொருத்தமாகவே அமைந்தது.

1735இல் முடிந்த டோரே டாக்லே மாளிகையை நின்று பார்க்க வேண்டும். ஸ்பானியக் கப்பல்படையின் பொருளாளர் ஒருவருக்காகக் கட்டியது. நடுவில் செதுக்கிய கல்வாசல், இரு பக்கமும் கரிய மரப் பால்கனிகள். அவை ஒரே நீளத்தில் இல்லை. அந்தச் சமச்சீரின்மைதான் எனக்கு அதன் அழகு. கீழ்ப்பாதியில் செதுக்கிய பலகைகள், மேலே பின்னல். உள்ளே செவில் ஓடுகள்.

1746 அக்டோபர் 28 இரவு லிமாவில் நிலநடுக்கம் வந்தது. சுமார் 3,000 வீடுகளில் இருபத்தைந்து போலத்தான் தப்பின. பிரெஞ்சு அறிஞர் லூயி கொடேன் இனி மாடியே வேண்டாம் என்றார். செல்வந்தர்கள் ஒப்பவில்லை. கடைசியில் மாடிச் சுவரை நாணலும் மண்ணும் கொண்டு லேசாகக் கட்டுவது என்று முடிவானது. மாடி பிழைத்தது, அதோடு பால்கனியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பின்னல் இருந்த இடத்தில் கண்ணாடி ஏறியது.

பிறகு நகல்களின் காலம். 1924இல் எழுந்த பேராயர் மாளிகையும் 1944இல் எழுந்த நகராட்சி மாளிகையும் பழைய பால்கனிகளைப் பெரிதாக்கிச் சூடிக்கொண்டன. இடையே 1929இல், செவில் நகரில் நடந்த கண்காட்சிக்குப் பெரு ஓர் அரங்கம் கட்டியது. அதை வடிவமைத்த மனுவேல் பிகேராஸ் கோடோலி, ஆந்தலூசியாவில் பிறந்து லிமாவில் குடியேறியவர். அரங்கின் முகப்பில் அவர் வைத்தது லிமாவின் மரப் பால்கனிகளை.

லிமாவிலோ பழைய பால்கனிகள் நூற்றுக்கணக்கில் உளுத்துக் கொண்டிருந்தன. 1990களில் மேயர் அல்பெர்தோ அந்திராதே, ஆளுக்கொரு பால்கனியைத் தத்தெடுங்கள் என்று நிறுவனங்களையும் தனியாரையும் கேட்டார். பலர் முன்வந்து செலவை ஏற்றார்கள். தச்சர்களுக்கு மறுபடி வேலை வந்தது.