அம்பத்தூரிலிருந்து முக்கூர்த்தி வரை: ஒரு பயணத்தின் 190 வருடக் கதை

அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் ஊட்டி போவதில் ஒரு வேடிக்கை உண்டு. நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க மின்சார ரயிலில் சென்ட்ரலுக்குப் போவார்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் வண்டி கிளம்பும். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டைத் தாண்டியே மேற்கே போகும்! விடிந்தால் மேட்டுப்பாளையம், மதியத்துக்குள் ஊட்டி. அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி முக்கூர்த்தி தேசியப் பூங்கா. இரண்டு நாள் லீவு போதும் என்று தோன்றும்.

இந்தப் பயணம் இவ்வளவு சுருங்கியது எப்படி? சுருங்கச் சுருங்க மலைக்கு என்ன ஆனது? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெக்காலே சென்னையில் வந்து இறங்கினார். ஆமாம், நம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகங்களில் திட்டு வாங்கும் அதே மெக்காலேதான். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்கப் போக வேண்டும். சாலை மட்டமான சாலை, ரயில் கிடையாது. பல்லக்கில் ஏறி உட்கார்ந்து, பெங்களூர், மைசூர் வழியாக சுமார் 400 மைல் ஆட்களின் தோளிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போனவர்களின் பெயர் எங்கும் இல்லை.

22 வருடம் கழித்து, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. இன்றைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் போவதும் அதே பாதையில்தான். 1873இல் ரயில் மேட்டுப்பாளையத்தைத் தொட்டது. 1899இல் பல்சக்கரப் பாதை குன்னூருக்கும், 1908இல் ஊட்டிக்கும் ஏறியது. மொத்தம் 46 கி.மீ., 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இடையில் 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டது. வெயிலில் வாடிய ஜனங்கள் மட்டும் இங்கேயே!

மலைக்குப் போன துரைமார்கள் சும்மா இருக்கவில்லை. வேட்டை. மேற்கு விளிம்பில் உள்ள குந்தா மலைகளில் வரையாடு சுடுவது பெரிய கௌரவமாக இருந்தது. சங்க இலக்கியத்தில் 'வருடை' என்று வருகிற அதே விலங்குதான் இது. சுட்டுச் சுட்டுக் குறைந்துபோனதும், 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் வேட்டை, மீன்பிடி பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தங்கள் விளையாட்டு நின்றுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனாலும் ஆடு பிழைத்தது. வேட்டைக்காரர்களைப் பாராட்டுவதா, திட்டுவதா என்று எளிதில் முடிவு செய்ய முடியாத இடம் இது.

ஆட்டைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு அது மேயும் புல்லின் அருமை தெரியவில்லை. மலை உச்சியில் மரமில்லாத புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. அந்த மலையின் இயல்பே அதுதான். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுவது இவை இரண்டும் சேர்ந்துதான். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் இந்தப் புல்வெளிகளில்தான். அவர்களுடைய கோயில்கள், சடங்குகள் எல்லாமே அந்த எருமைகளைச் சுற்றித்தான் இருந்தன. ஆனால் கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு மரம் இல்லாத நிலம் என்றால் வருமானம் இல்லாத நிலம். தரிசு!

1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரமும் யூகலிப்டஸும் விறகுக்காக வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் அதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்தோம். தோல் பதனிட வாட்டில் பட்டை, விஸ்கோஸ் நூல் ஆலைக்குக் கூழ்மரம் என்று புல்வெளிமேல் வரிசை வரிசையாக நட்டார்கள். 1956இல் கனடா உதவியோடு குந்தா மின்திட்டம் தொடங்கியது. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி அணைகளில் தண்ணீர் ஏறி இன்னும் கொஞ்சம் புல்வெளி மூழ்கியது. 1960களில்தான் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. மாநிலம் முழுக்க மின்சாரத்துக்குப் பசித்த காலம். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கதையையும் அந்த அணைகளின் கதையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

நல்லவேளை, ஒருவர் எண்ணிப் பார்த்தார். நீலகிரியில் வக்கீலாக இருந்த ஈ.ஆர்.சி. டேவிதார் 1963இல் நடந்தே கணக்கெடுத்தபோது, நீலகிரியில் சுமார் 400 வரையாடுகள்தான் இருக்கும் என்று தெரிந்தது. 1975இல் மற்ற மலைகளையும் சேர்த்து அவர் ஆராய்ந்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982இல் முக்கூர்த்தி சரணாலயமானது. 1990இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 78.46 ச.கி.மீ. மட்டுமே. பூங்காவாகி இத்தனை வருடம் ஆகியும் வாட்டில் போகவில்லை. வெட்டினால் விதையிலிருந்து மறுபடி முளைக்கிறது. நடுவதற்கு ஆன செலவு ஒருமுறை, பிடுங்குவதற்கு ஆகும் செலவு வருடா வருடம்.

2023இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமானது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள்.

சரி, போவதற்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு: முக்கூர்த்தி, பொட்டானிக்கல் கார்டன் மாதிரி டிக்கெட் வாங்கி நுழைகிற இடம் அல்ல. வனத்துறையின் அனுமதி வேண்டும், அதுவும் கேட்டவுடன் கிடைக்காது. தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை யோசிக்கவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடும் காலம் என்பதால் அப்போதும் தள்ளி நிற்பதே நல்லது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் நீலகிரிக்குப் போகும் கார்களுக்கு இ-பாஸ் முறையும் வந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களை அதில் சேர்க்கவில்லை. 1856இல் போட்ட அதே பாதையில், ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆவடி தாண்டும்போது வீட்டுக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டுப் போகலாம்.