நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு: தூரமும் நேரமும் மாறிய வரலாறு

நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 625 கிலோமீட்டர். இப்பகுதியினர் விமானமேறப் போகும் திருவனந்தபுரத்திலிருந்து அளந்தாலும் ஏறக்குறைய அதே தூரம்தான். விமானம் அதை ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆனால் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டுக்காரர் வீட்டுப்படி இறங்கி, விமானமேறி, சென்னையில் போய்ச் சேர ஆறு மணி நேரமாவது ஆகிறது. 1956-இல் மாறிய மாநில எல்லைக்கும் அதோடு மாறாத போக்குவரத்து அமைப்புக்கும் இடையே விழுந்த இடைவெளி இது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தலைநகர் பக்கத்திலிருந்த காலம்

இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களுக்கு 1956 வரை தலைநகர் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து அது சுமார் 65 கிலோமீட்டர். 1938 பிப்ரவரியில் தொடங்கிய திருவிதாங்கூர் அரசுப் பேருந்து, திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிச் சாலையில்தான் முதலில் ஓடியது.

விமானமும் அந்தத் தலைநகரைத் தேடியே வந்தது. 1932-இல் கராச்சி – சென்னை அஞ்சல் விமானத்தைத் தொடங்கிய டாடா நிறுவனம், 1935 அக்டோபர் 29-இல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் அஞ்சல் விமானம் விட்டது. ஓட்டியவர் நெவில் வின்சென்ட். ரயில் அப்போது திருநெல்வேலிக்கும் (1876) திருவனந்தபுரத்துக்கும் (1918) வந்திருந்தது. இடையிலிருந்த நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் வரவில்லை.

தலைநகர் பத்து மடங்கு தள்ளிப்போன பிறகு

1956 நவம்பர் 1-இல் நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மக்கள் போராடிப் பெற்ற இணைப்பு அது. ஆனால் தலைநகர் ஒரே நாளில் 65 கிலோமீட்டரிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போனது. சென்னைக்குப் போகிறவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கே ரயில் ஏற வேண்டியிருந்தது.

மாவட்டத்துக்கு முதல் ரயில் 1979-இல் வந்தது, அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலிப் பாதை 1981-இல்தான் திறந்தது. அது அகலப்பாதை, வடக்கே மதுரை வழியில் இருந்ததோ மீட்டர் கேஜ்; அதனால் அவ்வழியே நேரடி வண்டி ஓட முடியவில்லை. தொண்ணூறுகளில் நடந்த அகலப்பாதை மாற்றங்களுக்குப் பிறகே, சாயங்காலம் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கும் ராத்திரி வண்டி இந்த வழியில் வழக்கமானது. 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிவைக்கப்பட்ட வந்தே பாரத் ரயில் அப்பயணத்தை ஒன்பது மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது.

விமான நேரத்தின் உள்கணக்கு

டிக்கெட்டில் அச்சாகும் விமான நேரம், விமானம் நிலையத்தை விட்டு நகர்வது முதல் மறுநிலையத்தில் நிற்பது வரைக்குமானது. நாஞ்சில் நாட்டுப் பயணியின் நேரம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று நெரிசலான கடைத்தெருக்கள் வழியே திருவனந்தபுரம் விமான நிலையம் சேர இரண்டு மணி நேரம். சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி. வானில் ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்து நகருக்குள் போக ஒரு மணி. கூட்டினால் ஆறு. வந்தே பாரத்தைவிட மிச்சமாவது மூன்று மணி நேரமே.

இன்னொரு வாசலான தூத்துக்குடி விமான நிலையத்துக்கு 2025 ஜூலையில் புதிய முனையம் வந்திருக்கிறது. ஆனால் அது இருக்கும் வாகைக்குளம் விளவங்கோட்டுக்காரருக்குத் திருவனந்தபுரத்தைவிட வெகு தொலைவு. புதிய தலைநகருக்குப் பறக்க, அவர் இன்றும் முதலில் பழைய தலைநகருக்குத்தான் போகிறார்.

முடிவுரை

1935-க்குப் பின் விமானத்தின் வேகம் பல மடங்கு கூடியது. நாஞ்சில் நாட்டின் பயண நேரத்தை இன்று தீர்மானிப்பது வானம் அல்ல, தரையிலுள்ள எழுபது கிலோமீட்டர். கேரளத்தில் கழக்கூட்டத்திலிருந்து எல்லையருகே காரோடு வரை நான்குவழிச்சாலை வந்துவிட்டது. எல்லைக்கு இப்பாலுள்ள பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. மாவட்டத்துக்குச் சொந்த விமான நிலையம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதற்கு முன்பே, குறைந்த செலவில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தக்கூடியது இந்தச் சாலை. அதை முழுமையாக்குவது 1956 இணைப்புக்கு அரசு செலுத்த வேண்டிய கடன்.