பயன்திறன் அளவீடு (கடலோரக் காவல்)

பயன்திறன் அளவீடு என்பது ஒரு படைத்திட்டம் தன் நோக்கத்தை எவ்வளவு தூரம் நிறைவேற்றியது எனக் கணிக்கும் அளவுகோல். எத்தனை படகுகள் எத்தனை மணி நேரம் ரோந்து போயின என்ற கணக்கு, செய்த வேலையைச் சொல்லும். கள்ளத்தனமாகக் கரையேற வந்தவர் தடுக்கப்பட்டாரா என்ற கணக்கே பயனைச் சொல்லும். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடற்கரையில் நடக்கும் ‘சாகர் கவாச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் பொருத்தியது. தாக்க வந்த விமானங்களில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே வீழ்ந்ததால், துப்பாக்கிகள் வீண்செலவு என்ற கருத்து எழுந்தது. ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினர்: கப்பல் பிழைத்ததா? தாக்கப்பட்டவற்றில், திருப்பிச் சுட்ட கப்பல்களில் சுமார் 10 விழுக்காடும், சுடாதவற்றில் சுமார் 25 விழுக்காடும் மூழ்கியிருந்தன. எனவே துப்பாக்கிகள் கப்பல்களிலேயே விடப்பட்டன.

இத்தகைய ஆய்வின் முன்னோடியான இயற்பியலாளர் பி. எம். எஸ். பிளாக்கெட், விடுதலைக்குப் பின் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு ஆலோசனை வழங்கினார். டி. எஸ். கோத்தாரி தலைமையில் 1948இல் பாதுகாப்பு அறிவியல் அமைப்பு உருவானது.

மரக்காணம் கரை

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர், ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தனர். அதன்பின் கடற்படை, இந்தியக் கடலோரக் காவல்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், உள்ளூர்ப் போலீஸ் ஆகியவை சேர்ந்து நடத்தும் ஒத்திகையே சாகர் கவாச். ஒரு குழு மீனவர் வேடத்தில் போலி வெடிகுண்டுடன் கரையேற முயலும். மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்துப் பிடிக்க வேண்டும். இதைவிட விரிவான ‘சீ விஜில்’ ஒத்திகை 2019 முதல் நாடு முழுவதும் நடத்தப்படுகிறது.

மரக்காணத்தில் காவல் எளிதல்ல. கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அருகே உப்பளப் பாத்திகள், கழுவெளி ஏரி, முகத்துவாரம் ஆகியவை பின்னிக் கிடக்கின்றன. விடியுமுன்பே உப்பளத் தொழிலாளர்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். மீனவர்கள் படகைத் தள்ளிவிடுவார்கள். அந்த இருட்டில் நடமாடும் எல்லோரையும் சந்தேகித்தால் காவல் நடக்காது. தெற்கே சிறிது தூரத்தில் புதுச்சேரியின் தனி நிர்வாகம் தொடங்குவதால், காவல் பொறுப்பும் அங்கே கைமாறுகிறது. 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கே தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம் என்பதால், இங்குள்ள சிறிய ஃபைபர் படகுகள் அந்த வலையில் விழுவதில்லை.

எதை அளப்பது?

ஒத்திகை முடிந்ததும் ‘இத்தனை பேர் பிடிபட்டனர்’ என்று செய்தி வருகிறது. எத்தனை பேர் முயன்றனர் என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இக்கரைக்குப் பொருந்தும் அளவுகோல்களாக நான்கைச் சொல்லலாம்:

• முயன்ற ஊடுருவல்களில் கடலிலேயே தடுக்கப்பட்டவை, கரையில் சிக்கியவை, தப்பியவை ஆகியவற்றின் விகிதம்.
• படகு முதலில் கண்ணில் பட்டதிலிருந்து போலீஸ் வந்து சேரும் வரை கடந்த நேரம்.
• குப்பத்து மீனவர்கள் 1093 என்ற கடலோரப் பாதுகாப்பு உதவி எண்ணில் தாமாகத் தந்த தகவல்களும், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையும்.
• தவறாக நிறுத்தப்பட்ட மீனவர், தொழிலாளர் எண்ணிக்கை.

வரம்புகள்

நாள் குறித்து நடத்தும் ஒத்திகையில் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். சாதாரண இரவின் நிலையை அது காட்டாது. பிடிபட்டோர் எண்ணிக்கை பாராட்டுக்கு அளவாகிவிட்டால், எளிதில் சிக்குபவரைத் தேடும் பழக்கமும் வந்துவிடும். ஆகவே தப்பியவர் எந்த வழியாகத் தப்பினார் என்ற பதிவே அடுத்த திட்டத்துக்கு அதிகம் உதவும். கரையில் நிற்கும் மீனவர் நம்பித் தகவல் சொல்லும் நிலையை உருவாக்காத எந்தத் திட்டத்தையும், ரோந்துக் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பயனுள்ளதாகக் கருத முடியாது.