சுருதி விலகும் மின்கருவி

புதுக்கோட்டைச் சீமையில் இசை வரலாறு பேசப் புகுவோர் குடுமியான்மலையைக் கடந்து செல்ல இயலாது. சிகாநாதசுவாமி கோயிலின் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில் ஏழு இராகங்களுக்குரிய சுரக்கோவைகள் நான்கு நான்காகப் பகுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு என்பர். மகேந்திரவர்மன் செய்தது என்ற மரபுவழிக் கூற்றை அறிஞர் எல்லாரும் ஏற்பதில்லை. நம்மை இங்கே ஈர்ப்பது வேறொன்று. ஒரே சுரம் ர, ரி, ரு, ரே என உயிர் மாறி எழுதப்பட்டுள்ளது. இம்மாற்றம் சுருதியின் நுண்ணளவைக் குறிக்கிறது என்பது கல்வெட்டைப் பதிப்பித்த பண்டார்க்கரின் கொள்கை. யாழிலோ வீணையிலோ மீட்டும் முறையைக் குறிக்கிறது என்பாரும் உளர். எவ்வாறாயினும், சுரத்தின் மயிரிழை வேறுபாட்டைக் கல்லில் நிறுத்த ஒருவர் முயன்றிருக்கிறார்.

அதே மயிரிழை, 1960களில் அமெரிக்கப் பொறியாளர் ஒருவரையும் அலைக்கழித்தது. இராபர்ட் மூக் 1964இல் உருவாக்கத் தொடங்கிய சிந்தசைசரில் சுரத்தை ஆள்வது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வெண்டி கார்லோஸ் 1968இல் பாஹின் இசையை இக்கருவியில் பதிவு செய்தபோது சில சுரங்களை வாசிப்பது, மறுபடி சுருதி கூட்டுவது, மீண்டும் வாசிப்பது என்றே வேலை நகர்ந்தது.

இந்தக் கருவி மறு ஆண்டே இந்தியாவுக்கு வந்தது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறியார். 1969இல் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் கருவியுடன் ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்தார். பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். 1946இல் நியூயார்க் சென்று ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தவர். அவரும் அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோரும் அங்கே பதிவு செய்த நாடாக்கள் நிறுவனக் காப்பகத்தில் பல ஆண்டுகள் உறங்கின. பால் புர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து, 2023இல் ஒரு தொகுப்பாக வெளிக்கொணர்ந்தார்.

அகமதாபாத்தின் கோடை நம் புதுக்கோட்டைக் கோடைக்கு இளைத்ததன்று. அத்தகைய வெயிலில் இக்கருவி என்ன செய்யும்? இயற்பியலே விடை தருகிறது. மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டர் இணை வெப்பத்துக்கு ஏற்ப மாறும் இயல்புடையது. ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லையெனில், ஒரு பாகை சூடு ஏறினால் ஸ்தாயியின் அளவு ஏறத்தாழ 0.33 விழுக்காடு சுருங்கும். ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால் இது 4 சென்ட். ஐந்து பாகைக்கு 20 சென்ட். நம் சாத்திரங்கள் பேசும் பிரமாண சுருதி ஏறத்தாழ 22 சென்ட். காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் ஒரு சுருதி ஓசையின்றி நழுவிவிடுகிறது!

இதற்கு மருந்தாக, வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் ஒரு மின்தடையை அந்த டிரான்சிஸ்டர் இணையைத் தொட்டவாறு பொருத்துவர். பழுது பார்ப்போர் முதலில் இதைத் தேடுவது நல்லது. முன்பு எவரோ அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண மின்தடையை வைத்திருக்கலாம். காலையில் கூட்டிய சுருதி மதியம் கெட்டு, இரவில் தானே திரும்பி வந்தால் இந்த ஐயம் வலுக்கும். நோய் வந்துபோகும் நேரத்தைக் கேட்ட பிறகு நாடி பிடிக்கும் நாட்டு வைத்தியரின் முறைதான் இது.

ஆனால் சுருதித் திருகிகளைத் தொடுமுன் பார்க்க வேண்டியது மின்வழங்கி. 110 வோல்ட்டுக்குச் செய்த அமெரிக்கக் கருவியை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடியும். சரியான மின்மாற்றியுடன் இணைத்த பின்பும், பழைய மின்பகு மின்தேக்கிகள் உள்ளே உலர்ந்து போயிருந்தால் வெளிவரும் அழுத்தம் நடுங்கும், இரைச்சல் கலக்கும். அந்த நிலையில் சுருதி கூட்டினால் பிழையான அழுத்தத்துக்குச் சரியான சுருதி கூட்டியதாகும். மின்தேக்கியை மாற்றியவுடன் எல்லாம் மீண்டும் குலையும். நம் ஊரில் வானொலிப் பெட்டி திருத்தும் முதியவர்கள் எந்தப் பெட்டியிலும் முதலில் மின்வழங்கியை அளப்பதற்கும் இதுவே காரணம். மின்தேக்கிகள் செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கும் என்பதையும் அவர்கள் மறப்பதில்லை.

அதன்பின் அரை மணி நேரம் கருவியைச் சூடாகவிட வேண்டும். ஒலி முற்றிலும் எழவில்லையெனில் அலைவியற்றி, வடிப்பான், பெருக்கி என்னும் வரிசையில் எங்கே அறுபடுகிறது என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டறியலாம். பாதிப் பழுதுகள் சுற்றுக்குள் இருப்பதே இல்லை. துருவேறிய செருகு துளைகள், அழுக்கேறிய விசைத் தொடுமுனைகள், அவ்வளவுதான். ஏஆர்பி நிறுவனக் கருவிகள் சில விதிவிலக்கு. தம் சுற்றைப் பிறர் பார்க்கலாகாது என்று பிசினில் புதைத்து வைத்தார்கள். வணிக மறைவுக்காக ஊற்றிய பிசின், அரை நூற்றாண்டுக்குப் பின் திருத்துவோரின் கையைக் கட்டுகிறது. இதை நாம் மன்னிக்க விரும்பவில்லை.

கல்லுக்கும் பெட்டிக்கும் உள்ள முரணும் இங்கே குறிக்கத்தக்கது. குடுமியான்மலையில் குறியீடு இருக்கிறது, ஒலி இல்லை. திருமயத்திலோ எழுத்தே பெரிதும் சிதைந்துவிட்டது. அகமதாபாத் நாடாக்களில் ஒலி இருக்கிறது. அந்த ஒலியை எழுப்பிய கம்பி இணைப்புகள் கருவியில் இல்லை. மூக்கின் கருவிக்கு நினைவாற்றல் கிடையாது. கம்பிகளைப் பிடுங்கியதும் அந்த இசைக்கருவியே கலைந்துவிடும். மறுநாள் வேறொன்றாகக் கூடும்.

ஆகவே பழைய கருவியைத் திருத்துவோர் எழுதி வைப்பது கட்டாயம் என்பது நம் கருத்து. எந்தப் பாகம் மாற்றப்பட்டது, முன்பு என்ன அளவு இருந்தது, எந்தத் திருகி எவ்வளவு திரும்பியது என்று ஒரு தாளில் குறித்து, கழற்றிய பாகங்களைச் சிறு பையில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அடுத்து திறப்பவர் பிசினைச் சுரண்டி ஊகிக்க வேண்டியிராது.